ஹெச் என்று சொன்னால் கத்தோலிக்கன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் வட அயர்லாந்து பற்றி வந்த கட்டுரையைக் கனடாவின் ஸ்கார்பரோவில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார். ஆனால் அங்கே நடந்ததைப் போப்பாண்டவரை ஏற்றவர்களுக்கும் ஏற்காதவர்களுக்கும் நடந்த சமயச் சண்டை என்று முடித்துவிட்டார். அடுத்த வாரம் கடிதம் எழுதிய வாசகர் இன்னும் ஒரு படி மேலே போய், சாதியில் ஊறிய நமக்கு வெள்ளைக்காரர்களின் மதச்சண்டை எங்கே புரியப்போகிறது என்று கேட்டிருந்தார். எனக்கு நன்றாகவே புரியும். 8 வயதிலிருந்து 24 வயதுவரை நான் அங்கேதான் இருந்தேன், கத்தோலிக்கனாக. அந்தப் பதினாறு வருடத்தில் போப்பைப் பற்றி என்னிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டதெல்லாம் எந்தத் தெரு, எந்தப் பள்ளி என்பதுதான்.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். பனிமய மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் வீடு. குடும்பப் பெயர் போர்ச்சுகீசியர் காலத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பா சென்னையில் டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கிலாந்து போவதாகச் சொல்லித்தான் கப்பல் ஏறினார். வேலை கிடைத்தது வட அயர்லாந்தின் டெரி நகரத்தில். 1965இல் அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்தோம். கத்தோலிக்க ஊர், பூசைக்குக் குறைவிருக்காது என்று அப்பா கடிதத்தில் எழுதியிருந்தார். அது பொய்யில்லை. ஊரில் பெரும்பான்மை கத்தோலிக்கர்தான். நகரசபைதான் புராட்டஸ்டண்டுகள் கையில் இருந்தது.

அது எப்படி என்று யாருக்காவது சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. அப்பா ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். பின்னாளில் 1969இல் அரசு அமைத்த கேமரன் குழுவின் அறிக்கையிலேயே அந்தக் கணக்கு அச்சானது. 1967இல் நகரசபைத் தேர்தலுக்கு டெரியில் கத்தோலிக்க வாக்காளர்கள் 14,429 பேர், மற்றவர்கள் 8,781 பேர். ஊரை மூன்று வார்டாகப் பிரித்திருந்தார்கள். தெற்கு வார்டில் 10,047 கத்தோலிக்கரை ஒரே இடத்தில் அடைத்து அங்கே 8 உறுப்பினர். மீதி இரண்டு வார்டிலும் மற்றவர்கள் கூடுதலாக இருக்கும்படி கோடு போட்டு 8, 4 என்று 12 உறுப்பினர். ஆக, 14,000க்கு மேற்பட்டவர்களுக்கு 8 இடம், 9,000க்கும் குறைவானவர்களுக்கு 12 இடம். எல்லாம் சட்டப்படி, தேர்தல் நடத்தித்தான்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. நகரசபைத் தேர்தலில் எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. வீட்டுக்குச் சொந்தக்காரர் அல்லது வாடகைக்காரர், அவருடைய மனைவி அல்லது கணவர், அவ்வளவுதான். அப்பன் வீட்டில் இருக்கும் முப்பது வயது மகனுக்கு ஓட்டு இல்லை. அறை எடுத்துத் தங்குபவருக்கும் இல்லை. ஒரே வீட்டில் மூன்று குடும்பம் நெருக்கி இருந்தால் ஒரு குடும்பத்துக்குத்தான் ஓட்டு. மறுபக்கம், கம்பெனி வைத்திருந்தவருக்குக் கூடுதலாக ஆறு ஓட்டுவரை கிடைத்தது. இப்போது சொல்லுங்கள், நகரசபை ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வீடு ஒதுக்கினால் அது வெறும் வீடா? இரண்டு ஓட்டு. அதனால்தான் வீடு ஒதுக்காமல் இழுத்தடித்தார்கள். ஒதுக்கினாலும் தெற்கு வார்டிலேயே ஒதுக்கினார்கள். ஏழை புராட்டஸ்டண்டுக்கும் இந்தச் சட்டத்தால் ஓட்டுப் போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களிடம் அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

அப்பா டாக்டர், அதனால் நாங்கள் நகரசபை வீட்டுக்கு வரிசையில் நிற்கவில்லை. ஊரின் மறு கரையில், ஃபாயில் ஆற்றைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு மாடிப் பகுதி வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு மூவருமாகப் போனோம். வயதான அம்மாள். தேநீர் கொடுத்தார். தன் சபையில் இந்தியப் பிள்ளைகளுக்காகச் சிறு வயதில் காசு சேர்த்துக் கொடுத்ததைச் சொல்லி என் தலையைத் தடவினார். நாங்கள் இந்துக்கள் என்று எடுத்துக்கொண்டு, சாமி கும்பிட ஒரு மூலை ஒழித்துத் தருகிறேன் என்றார். அம்மா பெருமையாக, இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள் நாங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளின் முகத்தில் கோபமெல்லாம் வரவில்லை. கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். தன் தங்கை மகன் வருவதாக எழுதியிருப்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றார்.

நாங்கள் இந்துவாக இருந்திருந்தால் அந்த வீடு கிடைத்திருக்கும். அப்பா இதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

கடைசியில் புனித யூஜின் பேராலயத்தின் அருகே, பாக்சைடு என்ற பள்ளத்துக்கு மேலே, வீடு அமைந்தது. அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் ஏதாவது ஒரு வீட்டு ஜன்னலில் செபமாலைச் சத்தம் கேட்கும். வேலைக்குப் போவது பெரும்பாலும் பெண்கள்தான், சட்டைத் தொழிற்சாலைகளுக்கு. ஆண்கள் தெருமுனையில் நின்றார்கள். வட அயர்லாந்து முழுவதும் கத்தோலிக்க ஆண்களின் வேலையின்மை புராட்டஸ்டண்ட் ஆண்களைவிட இரண்டரை மடங்கு என்று பிறகு கணக்கெடுத்துச் சொன்னார்கள். எங்கள் தெருவில் கணக்கெடுக்கத் தேவையிருக்கவில்லை. கத்தோலிக்கரை வேலைக்கு வைக்காதீர்கள் என்று 1933இல் வெளிப்படையாக மேடையில் பேசிய பேசில் புரூக், பத்தே வருடத்தில் அந்த நாட்டின் பிரதமராகி இருபது வருடம் ஆண்டார் என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

பள்ளியில் முதல் வாரம் ஒரு பையன் என்னிடம் ஹெச் எழுத்தைச் சொல்லச் சொன்னான். தூத்துக்குடியில் கன்னியர் மடத்துப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி 'ஹெச்' என்றேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்புறம்தான் விளங்கியது: கத்தோலிக்கர் 'ஹெய்ச்' என்பார்கள், புராட்டஸ்டண்டுகள் 'எய்ச்' என்பார்கள். தமிழ்நாட்டில் எல்லாருமே ஹெச் என்றுதான் சொல்கிறோம். அந்தக் கணக்குப்படி நம் ஏழு கோடிப் பேரும் டெரியில் கத்தோலிக்கர்! சிரிப்பாக இருக்கிறது இல்லையா? தெரியாத தெருவில் நான்கு பேர் வழிமறித்து எழுத்துகளைச் சொல்லச் சொன்னால் சிரிப்பு வராது. எனக்கு 13 வயதில் அது நடந்தது. நான் கறுப்பாக இருந்ததால் அவர்களுக்கே குழப்பம். ஒருவன், நீ கத்தோலிக்க இந்தியனா, புராட்டஸ்டண்ட் இந்தியனா என்று கேட்டான். அந்த ஊரில் இதை ஒரு ஜோக்காகச் சொல்வார்கள், எனக்கு நிஜமாகவே நடந்தது. எய்ச் என்று சொல்லித் தப்பித்து வந்தேன். அன்றைக்கு இரவு பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டிய குற்றம் போல அது உறுத்தியது.

ஊர்ப் பெயர்கூட இரண்டு. நாங்கள் டெரி என்போம், அவர்கள் லண்டன்டெரி. 1969 ஆகஸ்டு 12 அன்று அவர்களுடைய பழைய வெற்றி விழா ஊர்வலம் கோட்டைமதில் மேல் போனது. மேலிருந்து கீழே பாக்சைடை நோக்கிக் காசு எறிந்தார்கள், பிச்சைக்காரர்களுக்குப் போடுவதுபோல. நான் ஒரு செப்புக்காசைப் பொறுக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்து சாலையில் எறிந்தார். அன்று மாலையே கல்லெறி, போலீஸ், கண்ணீர்ப்புகை எல்லாம் ஆரம்பித்து மூன்று நாள் நீடித்தது. வினிகரில் நனைத்த துணியை என் மூக்கில் கட்டி அம்மா என்னைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்தார்.

அந்த மூன்றாம் நாள் முடிந்து ஆகஸ்டு 15. மாதா மோட்சத்துக்கு ஆரோபணமான திருநாள், நம் சுதந்திர தினமும்கூட. ரேடியோவில் பெல்ஃபாஸ்டில் பம்பாய் தெரு எரிகிறது என்றார்கள். அம்மா பதறிப்போய், பம்பாயில் என்னவாம் என்று கேட்டார். பம்பாய் என்றால் நம் பம்பாய் இல்லை. பெல்ஃபாஸ்டில் குளோனார்டு மடத்தைச் சுற்றி பம்பாய், காஷ்மீர், லக்னோ, கான்பூர் என்றெல்லாம் தெருக்கள் உண்டு. ஏதோ ஒரு காலத்தில் நம் நாட்டில் ஜெயித்த பெருமைக்கு வைத்த பெயர்கள். அந்தப் பம்பாய் தெருவில் கத்தோலிக்க வீடுகளைக் கொளுத்தியிருந்தார்கள். பிறகு அங்கே எழுப்பிய உயரமான சுவர் இன்றும் நிற்கிறது. அதற்குச் சமாதானச் சுவர் என்று பெயர்.

எல்லாப் புராட்டஸ்டண்டுகளும் காசு எறிந்தவர்கள் இல்லை. ஓட்டுரிமை கேட்டு நடந்த ஊர்வலங்களை முன்னின்று நடத்தியவர்களில் ஐவன் கூப்பர் புராட்டஸ்டண்ட். தன் ஆட்களிடமே துரோகிப் பட்டம் வாங்கியவர். எங்கள் பக்கத்து ஆயுததாரிகளும் சுத்தமில்லை. 1972 ஜூலை 31 அன்று டெரிக்குப் பக்கத்துக் கிராமமான கிளாடியில் மூன்று கார் குண்டுகள் வெடித்து 9 பேர் செத்தார்கள். அதில் இரண்டு தரப்பாரும் உண்டு, எட்டு வயதுப் பெண் குழந்தையும் உண்டு. அந்த வாரம் அப்பா வீட்டில் யாருடனும் பேசவில்லை.

படிப்பு முடிந்து வேலை தேடியது 1979இல். பொறியியல், நல்ல மதிப்பெண். வேலையில் மதப் பாகுபாடு கூடாது என்று 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. பெல்ஃபாஸ்டில் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் இருப்பதால் மதத்தைக் கேட்கக்கூடாது, கேட்கவுமில்லை. எந்தப் பள்ளியில் படித்தாய் என்றார் நடுவில் இருந்தவர். எங்கள் பள்ளிப் பெயர் 'புனித' என்று ஆரம்பிக்கும். சொன்னேன். அவர் கையில் இருந்த பேனாவை மூடினார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்: தொழிற்கூடத்தில் இருப்பவர்கள் பழைய ஆட்கள், உனக்கு ஒரு சங்கடம் வந்துவிடக்கூடாதே என்பதுதான் எங்கள் கவலை. என் நல்லதுக்காக எனக்கு வேலை இல்லை!

இரண்டாவது இடத்திலும் இதே கேள்விதான். மூன்றாவது இடத்தில் விண்ணப்பத்திலேயே பள்ளியை எழுதியிருந்தேன், கூப்பிடவே இல்லை. என் நிறத்துக்காகவும் இருந்திருக்கலாமே என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். இருக்கலாம். எது எதற்காக என்று பிரித்துப் பார்க்க எனக்கு யாரும் வசதி செய்து தரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. 1989இல் வந்த கடுமையான சட்டப்படி, பத்துப் பேருக்கு மேல் வைத்திருக்கும் முதலாளி தன் ஆட்களில் எத்தனை பேர் எந்தச் சமூகம் என்று கணக்குக் காட்டவேண்டும். பதில் சொல்லாதவரை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் படித்த ஆரம்பப் பள்ளியை வைத்து. மருந்தும் அதே கேள்விதான். அந்த மருந்து வேலை செய்தது என்பதையும் மறுக்கமாட்டேன்.

1981இல் சிறையிலிருந்த எங்கள் பக்கத்து ஆயுததாரிகளில் பத்துப் பேர் உண்ணாவிரதம் இருந்து ஒருவர்பின் ஒருவராகச் செத்தார்கள். தெருவெல்லாம் கறுப்புக்கொடி. அந்த செப்டம்பரில் நான் கனடாவுக்குக் கிளம்பினேன். வீரமோ வெறுப்போ ஒன்றுமில்லை. 24 வயது, வேலை வேண்டும். குடியேற்ற விண்ணப்பத்தில் பள்ளியின் பெயர் கேட்டிருந்த கட்டத்தில் கை நின்றுவிட்டது. அப்பா பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, எழுதுடா, இவர்களுக்கு அது ஒரு பள்ளிதான் என்றார்.

டொரொண்டோவுக்கு வந்த மறு வருடம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை, காய்கறிப் பையோடு தெருவில் நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் குழலும் முரசும் கேட்டன. எனக்கு அந்தத் தாளம் தெரியும். புராட்டஸ்டண்டுகளின் ஆரஞ்சுச் சங்கத்தார் தோளில் பட்டையோடு நடு வீதியில் வந்துகொண்டிருந்தார்கள். கால் தானாகப் பின்வாங்கி ஒரு கடை வாசலுக்குள் போய்விட்டது. இந்த நகரத்துக்கு ஒரு காலத்தில் கனடாவின் பெல்ஃபாஸ்ட் என்றே பெயர், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இங்கே மேயரானவர்கள் ஏறக்குறைய எல்லாருமே அந்தச் சங்கத்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தப்பித்து எங்கே வந்திருக்கிறேன் பாருங்கள். ஆனால் அன்று ஊர்வலத்தில் வந்தவர்கள் கிழவர்கள். பக்கத்தில் நின்ற பையன் என்னிடம், இது என்ன, சாண்டா கிளாஸ் ஊர்வலமா என்று கேட்டான்.

1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்து குவிய ஆரம்பித்தார்கள். சோதனைச் சாவடி, பேச்சை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது, பல்கலைக்கழக அனுமதியில் பாரபட்சம் என்று அவர்கள் சொல்ல ஆரம்பித்தால் மீதியை நான் சொல்லி முடிப்பேன். அவர்களுக்கு ஆச்சரியம், இந்தத் தூத்துக்குடிக்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று.

சரி, அந்த வாசகரின் கேள்விக்கு வருகிறேன். சாதி பார்க்கும் நமக்கு அது எப்படிப் புரியும் என்றார். ஐயா, சாதி பார்த்ததால்தான் புரிகிறது. என் பாட்டி புராட்டஸ்டண்டுகளைப் 'பதிதர்', அதாவது நெறி தவறியவர்கள், என்றுதான் சொல்வார், பெயரே அதுதான் என்பதுபோல. நாங்கள் 'சேசு' என்போம், அவர்கள் 'இயேசு' என்பார்கள். வீட்டுக்கு வந்தவர் வாயிலிருந்து எது வருகிறது என்று பாட்டி காத்துக்கொண்டிருப்பார். அதற்கேற்பத்தான் காப்பி வரும். டெரியின் ஹெய்ச், எய்ச்சுக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்? சரி, அது வேறு சபை. ஒரே சபைக்குள் நாம் செய்தது? வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகக் கால்சட்டை போல இரண்டு கிளையாகக் கோயில் கட்டியது நம் ஆட்கள்தான். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர் வைத்த ஊர்களும் நம்மிடம் உண்டு. அவர்களாவது வேறு வேறு கோயிலுக்குப் போய்விட்டு அடித்துக்கொண்டார்கள்.

இதை எழுத வைத்தது உங்கள் கட்டுரை மட்டுமல்ல. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார், 90 வயது. போன மாதம் அவரைக் குளிப்பாட்டிவிட ஒரு பெண் வர ஆரம்பித்தாள். தூத்துக்குடிப் பக்கம் என்றதும் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எந்த ஊரும்மா என்றார். சொன்னாள். எந்தக் கோயில் என்றார். அதையும் சொன்னாள். அப்புறம் அம்மா, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, அந்த ஊரில் எந்தத் தெரு என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கேள்வி புதிதில்லை என்பது பார்வையிலேயே தெரிந்தது. அம்மா, சும்மா இருங்க என்றேன். ஏன்டா, கேட்கக்கூடாதா என்றார் அம்மா.

பி.கு.: கட்டுரையில் டெரியின் ரத்த ஞாயிறு 1971 என்று அச்சாகியிருக்கிறது. 1972 ஜனவரி 30 என்று திருத்தவேண்டும். அன்றே செத்தவர்கள் 13 பேர், காயத்தோடு கிடந்து பிறகு செத்தவர் ஒருவர். விசாரணையே இல்லாமல் ஆட்களை அடைத்துவைப்பதை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள்தான். சுட்டது ராணுவம். சுட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்ததாக முதல் விசாரணை சொன்னது. அது தவறு, செத்தவர்களில் யாரும் எந்த ஆபத்தும் விளைவிக்கவில்லை என்று நீதிபதி சாவில் பிரபு தலைமையில் நடந்த இரண்டாவது விசாரணை சொல்ல 2010 ஆனது. சுட்ட அன்று இரவு அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. மறுநாள் விடிந்து வந்தவர் மேல்கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு 14 வயது. தேதியை நான் மறக்க வழியில்லை.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஸ்கார்பரோ, கனடா